மலை ஓடியா வரப்போகிறது என்றேன்

எனக்கு வாய் அதிகம். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தவள் நான்தான். கல்யாணமாகி மாடியில் குடித்தனம் வைத்த பிறகும், எதற்கெடுத்தாலும் கீழே இறங்கி வந்து என்னைத்தான் கேட்பான். அதில் எனக்குக் கர்வம். கர்வமேதான், மறைப்பானேன்?

அவனுக்குச் சமையல் வேலை. மயிலாப்பூரிலிருந்து பெரியவர்களைக் காசி, பத்ரி என்று யாத்திரை அழைத்துப் போகிறார்களே, அந்தக் கூட்டத்தோடு அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை சகிதம் கிளம்பிவிடுவான். இமயமலைக்கே போனாலும் நம் ஜனத்துக்கு ரசம் வேண்டுமே.

அன்று காலை அடையாறில், நான் வேலை பார்க்கும் தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, பத்ரி போகும் வழியிலிருந்து அவன் போன் வந்தது.

"யக்கா, இங்க பூமி ஆடிச்சு. பயங்கரமா ஆடிச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

எனக்கு உயிர் வந்தது. அவன் விடாமல் பேசினான்.

"லாட்ஜ்காரரு இன்னா சொல்றாருன்னா, மலை லூசாயிட்ச்சாம். இனிமேதான் சரியுமாம். ஆத்துக்கு அந்தாண்ட மேட்டுல ஒரு ஸ்கூல் கீது, எல்லாரும் அங்க வந்துடுங்கன்றாரு. போவட்டுமாக்கா?"

சுரீரென்று கோபம் வந்தது. பூமி ஆடினால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? ஒருமுறை லேசாக ஆடியபோது தி.நகரில் ஜனமெல்லாம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கித் தெருவில் நின்றதே, நானும் நின்றேனே!

"அறிவு கீதாடா உனக்கு? பூமி ஆட்றப்போ எவனாவது கட்டடத்துக்குள்ள போவானா? ஸ்கூல் இடிஞ்சு தலைல வுழுந்தா? வெட்டவெளில நில்லு. மலை இன்னா ஓடியா வரப்போவுது?"

சிரித்தான். "அதுவும் கரெக்டுதான். வண்டி நிறுத்துற எடம் காலியாதான் கீது. அங்கயே அடுப்ப போட்டுக்கறேன்."

பக்கத்து மெஷின்காரியிடம் இதை நான் பெருமையாக வேறு சொன்னேன்.

மத்தியானம் திரும்பவும் ஆடியிருக்கிறது. லேசாகத்தான். காலையிலேயே விரிசல் விட்டிருந்த மலை அந்த லேசுக்கே இறங்கிவிட்டது. வண்டி நிறுத்தும் இடம் மலையடியில் இருந்தது. அடுப்பு, அண்டா, என் தம்பி, எல்லாம் மண்ணுக்குள். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு தகரம்கூடக் கழன்று விழவில்லையாம்.

மலையில் ஆட்டம் நின்ற பிறகுதான் ஆபத்தே ஆரம்பம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்த மலை பரங்கிமலை ஒன்றுதான். ஐயோ, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவி நான்.

யாரிடமும் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி அழுது அழுது கேட்பாள்: "கடைசியா உங்களாண்ட இன்னா பேசுச்சு அண்ணி?"

"சாப்ட்டியான்னு கேட்டான்" என்பேன். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுவாள்.

காரியம் முடிந்த மறுநாள், யாத்திரைக்குப் போயிருந்த மயிலாப்பூர் மாமி ஒருவர் வீடு தேடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்கள்லாம் ஸ்கூலுக்குக் கெளம்பிண்டிருந்தோம். நீயும் வாடாப்பான்னு எத்தனை தரம் கூப்ட்டேன் தெரியுமா? எங்க அக்கா வெளியிலதான் நிக்கச் சொல்லியிருக்கு மாமி, அக்கா சொன்னா கரெக்டா இருக்கும், நீங்க போங்கோ, சமைச்சு எடுத்துண்டு வரேன்னுட்டான்."

தம்பி பெண்டாட்டி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் மாமிக்குக் காபியைக் கொடுத்தாள். அவர் குடித்ததும் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு வாசல்வரை போய் வழியனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணுச்சு அண்ணி. எல்லாரும் போற எடத்துக்கே நீயும் போயிடுய்யான்னேன். சரி போறேன்னுச்சு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்னுச்சு."