கூப்பிட முடியாத பெயர்

மருமகளைப் பிரசவத்துக்கு என் மகன் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மறுநாள் காலை, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்றுக் கொட்டகையில் நான் தனியாக நின்றேன். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று. நான்கு நாளாக மழையும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. பத்து மணிக்குள் தண்ணீர் போகாவிட்டால் அத்தனையும் சுருண்டுவிடும். முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த தோள் எனக்கு. வாளி தூக்க வராது.

தண்ணீரைத் திறந்துவிடுவது ஒரு கம்ப்யூட்டர். மருமகள் ரிங்லெட் டவுனில் புரோகிராம் எழுதும் வகுப்புக்குப் போய், தானே செய்து வைத்தது. என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பாதி புரியாமல் தலையை ஆட்டினேன். ஆனால் ஒன்று பிடிபட்டது. குழாயைத் திற, சொன்ன நிமிடம் பொறு, மூடு. இந்த வேலையை ஒருமுறை எழுதி, அதற்கொரு பெயர் வைத்துவிடுவார்கள். அதுதான் ஃபங்ஷன். எழுதி வைத்ததால் மட்டும் அது வேலை செய்யாது. அன்றன்றைக்குக் கடைசி வரியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அடைப்புக்குள் எத்தனை நிமிடம் என்று போட வேண்டும். எங்கள் பெரட்டு மாதிரிதான். விடியற்காலையில் எல்லோரும் வரிசையில் நிற்போம். கங்காணி பேர் கூப்பிட்டால்தான் மலை ஏறுவோம்.

வெயில் நாளுக்கு ஆறு நிமிடம், பனி நாளுக்கு மூன்று. அதுவும் நினைவிருந்தது. சிக்கல் பெயரில் இருந்தது. அந்த ஃபங்ஷனுக்கு அவள் என் வீட்டுக்காரர் பெயரை வைத்திருந்தாள்.

“மாமாதானே தெனமும் தண்ணி விட்டாரு, அத்தே. அவரு பேரே இருக்கட்டும்.”

அவர் போய் இரண்டு வருடம். இருந்தபோதும் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, எழுதினதில்லை. ஆபீசில் கேட்டால் பெயர் போட்ட அவர் ஐசி கார்டை நீட்டிவிடுவேன். இதை மருமகளிடம் சொல்லவும் வெட்கம்.

அதனால் அன்றைக்குக் கடைசி வரியில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ‘அவரு’ என்று அடித்து ஆறு போட்டேன். பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் என்னவோ வந்தது. தண்ணீர் வரவில்லை. திரும்ப அழுத்தினேன், திரும்பவும் சிவப்பு. ஓரத்துத் தட்டில் இலைகள் தொங்க ஆரம்பித்தன. வேறு வழியில்லாமல் மருமகளுக்கு ஃபோன் போட்டேன்.

“கடைசி வரில என்ன எழுதுனீங்க, அத்தே?”

“அதாம்மா… எழுதுனேன்.”

“எத?”

“அவருன்னு.”

ஃபோனில் சிரிப்பு வெடித்தது. “ஐயோ அத்தே! பெரட்டுல நின்னு கங்காணி ‘அவரு’ன்னு கூப்பிட்டா யாரு போவா? மேல வச்ச பேருதான் அதுக்குத் தெரியும்.”

“அந்தப் பேர என்னால எழுத முடியாது புள்ள.”

“எழுத வேணாம்லா. மேல இருக்கிற பேர அழிச்சிட்டு அங்கயும் ‘அவரு’ன்னே போடுங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு இருந்தா போதும்.”

“அழிச்சா, அந்த வேலையெல்லாம் போயிடாதா?”

“பேரு மட்டுந்தான் மாறும். சீக்கிரம் போடுங்க, சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது!”

அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்து, அங்கேயும் ‘அவரு’ என்று அடித்தேன். கீழே இருந்த வரிகள் ஒன்றும் அசையவில்லை. திற, பொறு, மூடு, எல்லாம் அப்படியே இருந்தன. அழுத்தினேன்.

குழாய் ஒருமுறை கனைத்தது. பிறகு கொட்டகை முழுக்கத் தூறல்.

“வந்துச்சா அத்தே?”

“வந்துட்டாரு,” என்றேன். அந்தப் பக்கம் நர்ஸ் அதட்டும் சத்தம் கேட்டது.

ஆறு நிமிடமும் நனைந்துகொண்டே நின்றேன். சொன்னபடி தானாக மூடிக்கொண்டது. காலையில் ஊற்றி மறந்த தேநீரை எடுத்து, கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்து, ஆறினதை அப்படியே குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் ஓரத்துத் தட்டு நாற்று தலை நிமிர்ந்திருந்தது.