நூற்றைம்பத்துமூண்டு வந்திட்டுதோ?

மானிப்பாயில் நான் உயர்தரக் கணிதம் படித்த தனியார் ரியூட்டரி வகுப்பில் நூற்றைம்பத்தேழு பேர். முதல் சோதனையில் நான் நூற்றைம்பத்து மூன்றாவது. சேர் விடைத்தாளை நீட்டினார், ஆனால் தாளை விடவில்லை.

"வீடு எவடம்?"

"குருநகர், சேர்."

"அப்பா?"

"கடற்தொழில்."

"அப்ப ஏன் பிள்ளை கஷ்டப்படுறீர்? மீன் எண்ணத் தெரிஞ்சால் காணுந்தானே!"

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்காக என்னையே இன்னும் மன்னிக்கவில்லை. அவரை மன்னிக்கிற பேச்சுக்கே இடமில்லை.

அன்றிலிருந்து வரவு கூப்பிடும்போது எனக்குப் பெயர் இல்லை. "நூற்றைம்பத்துமூண்டு வந்திட்டுதோ?" எண்ணைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த 'து'! மற்றப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் 'வந்திட்டாவோ'. எனக்கு மட்டும் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் கேட்கிற 'வந்திட்டுதோ'. அந்த வாயாலேயே அதைத் திருத்த வைப்பேன் என்று கறுவிக்கொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் ரயரில் காற்றைத் திறந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வழி வேதக் கோயிலில் கிடைத்தது. உயிர்ப்புக் காலத்து ஞாயிறு நற்செய்தி வாசகத்தில், சீடர்கள் இழுத்த வலையில் பெரிய மீன்கள் நூற்றைம்பத்து மூன்று. நான் இருந்த வாங்கை விட்டு எழும்பியே விட்டேன். அப்பா பக்கத்தில் முணுமுணுத்தார்: "அவ்வளவு பட்டும் வலை கிழியேல்லையாம். எங்கை வாங்கின நூலோ!"

"பேசாமல் இருங்கோப்பா," என்றார் அம்மா. "முழுச் செபமாலையிலை அருள்நிறை மந்திரமும் அத்தினைதான்."

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை விரித்தேன். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153. அதன் இலக்கங்களைத் தனித்தனியே கனப்படுத்திக் கூட்டினால், 1 + 125 + 27, திரும்பவும் 153. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் தனியே சிரித்தேன்.

அடுத்த வகுப்பில் கையை உயர்த்தினேன். "சேர், மூண்டாலை பிரிபடுற ஒரு எண் எழுதுங்கோ. எதெண்டாலும் சரி."

அவர் வேடிக்கை பார்க்கிற முகத்தோடு பலகையில் 4728 என்று எழுதினார்.

"இலக்கங்களைக் கனப்படுத்திக் கூட்டுங்கோ."

927. "திரும்ப." 1080. "திரும்ப." 513.

"உதிலை என்ன இருக்கு?" என்றார்.

"இன்னும் ஒருக்கா, சேர்."

125, 1, 27. சோக்கட்டி நின்றது. அவர் கையாலேயே எழுதிவிட்டார்: 153.

"இனி எத்தினைதரம் செய்தாலும் அங்கைதான் நிக்கும். மூண்டாலை பிரிபடுற எல்லா எண்ணும் கடைசியிலை என்னட்டைத்தான் வரும், சேர்."

பின் வரிசை வாங்கில் யாரோ ஒருத்தன் விசில் அடித்தான். சேர் பலகையைத் துடைத்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கேட்டார்: "ஏன் வருது?"

எனக்குத் தெரியவில்லை.

"ஏனெண்டு தெரியாட்டி உது கணக்கில்லை, வித்தை. இரும்."

அந்த 'இரும்' என்னை ஒரு கிழமை முழுக்கத் தூங்கவிடவில்லை. எந்த இலக்கத்தின் கனத்திலிருந்தும் அந்த இலக்கத்தைக் கழித்தால் மீதி மூன்றால் பிரிபடும். ஆகவே மூன்றின் மடங்கு எத்தனை தரம் செய்தாலும் மூன்றின் மடங்காகவே இருக்கும். எவ்வளவு பெரிய எண்ணும் சுருங்கிச் சுருங்கி 2916க்கு மேல் போகமுடியாத இடத்துக்கு வந்துவிடும். மிச்சம் இருந்த மடங்குகளை ஒவ்வொன்றாய்ச் செய்து பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு கவனமாக நான் கணக்குச் செய்தது அதுவரை இல்லை. படிப்பில் ஆசை வந்து செய்யவில்லை, வன்மத்தில் செய்தேன்.

கொப்பியை அவர் மேசையில் வைத்தேன். அவர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பிறகு வரவு இடாப்பைத் திறந்து, அந்தச் சோதனைக்குப் பிறகு முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார்.

நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்.

"பேர் வேண்டாம், சேர். எண்ணாலையே கூப்பிடுங்கோ. 'து' மட்டும் வேண்டாம்."

அவர் இடாப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

"நூற்றைம்பத்துமூண்டு... வந்திட்டாவோ?"

"ஓம். வந்திட்டன்."