பூசையில் வைத்த துப்பாக்கி

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்து வந்த ஆயுத பூசை அன்று, திருமயம் பக்கத்தில் நான் வேலை பார்த்த ரைஸ்மில்லில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. நெல் அவித்துக் களத்தில் காயப்போடுகிற வேலை. என் வீட்டுக்காரரும் அதே மில்லில் மூட்டை தூக்கியவர்தான். கல்யாணமான மறு வருஷம், நாலு காசு பார்க்கலாம் என்று பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். குண்டு விழுந்த பிறகு கடுதாசி நின்றுபோனது. அங்கிருந்து ஜனங்கள் நடந்தே வருகிறார்கள் என்றார்கள், காட்டிலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள் என்றார்கள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். தலை நிறையப் பூவும், முன்னைவிடப் பெரிய பொட்டுமாகத்தான் வேலைக்குப் போவேன்.

ஊரெல்லாம் அரிசித் தட்டுப்பாடு. ஒருநாள் அந்தி நேரத்தில் மில்லுக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். முதலாளிக்குப் போனது சில மூட்டை அரிசி. எங்களில் ஒருத்திக்குப் போனது காது. தண்டட்டியைக் கழற்றப் பொறுமையில்லாமல் அறுத்துக்கொண்டு போனான் ஒரு பாவி. அவள் காதை என் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நாங்கள் யாருமே களத்தில் இறங்கவில்லை. "எங்க உசுருக்கு ஒரு வழி பண்ணுங்க மொதலாளி, பெறகு நெல்லு அவிக்கிறோம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதலாளி புதுக்கோட்டைக்கு நடையாய் நடந்து, சமஸ்தானத்து லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்கிவந்தார். மில்லில் வேலை பார்க்கிறவர்களின் பாதுகாப்புக்கு என்றே கொடுத்த லைசென்ஸ். மில் கேட்டைத் தாண்டி அது போகக் கூடாது. முதலாளியையும் இன்ஜின் டிரைவரையும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. டிரைவர் கோட்டைப்பட்டினத்து முஸ்லிம், எங்களுக்கெல்லாம் பாய். அதிகம் பேச மாட்டார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு இன்ஜின் ரூமில் பூட்டி வைப்பார். ஒரு வேலையும் செய்யாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மரியாதையாக நிற்கிற அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'புது மாப்பிள்ளை'. கேலி பேசினோமே தவிர, அது வந்த பிறகுதான் பயமில்லாமல் களத்தில் நின்றோம்.

ஆயுத பூசைக்கு மில்லையே கழுவிவிட்டோம். இன்ஜினுக்கு மாலை போட்டு, அதன் முன்னால் தராசு, முறம், நெல் தள்ளுகிற பலகை, விளக்குமாறு வரை வரிசையாக வைத்தோம். புது மாப்பிள்ளையை விடுவோமா? பாய் அதை எடுத்துவந்து பெஞ்சில் கிடத்தி, பக்கத்தில் தோட்டாக்களை வைத்தார். தொடத்தான் கூடாது, பொட்டு வைக்கலாமில்லையா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சரம் சாத்தியது நான். அதே தட்டிலிருந்து என் நெற்றிக்கும் கொஞ்சம் குங்குமம் எடுத்துக்கொண்டேன். முதலாளி சூடம் காட்டிவிட்டு, பொரி கடலை கொடுத்துவிட்டு, முன் கேட்டைச் சாத்தச் சொல்லிக் கடைத்தெருப் பூசைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் அவித்த நெல் காயக் கிடக்கிறது. பலகையும் விளக்குமாறும் பூசையில் இருக்கின்றன. மறுநாள்தான் எடுக்க வேண்டும். கையாலேயே கூட்டிவிடலாம் என்று இறங்கினோம். அப்போது பின் வேலி ஆடியது. முள்ளை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். முகமெல்லாம் தாடி, மேலே கோணிச் சாக்கு, கையில் பெரிய தடி.

எங்களுக்குக் கிழிந்த காதுதான் கண்முன் வந்தது. போட்டது போட்டபடி இன்ஜின் ரூமுக்குள் ஓடினோம். "பாய், எடுங்க அத! சுடுங்க!" என்று கத்தினேன். பாயின் கை துப்பாக்கி மேல் போனது. பூச்சரம் தட்டுப்பட்டதும் அப்படியே நின்றது.

"ஒங்க சாமிக்கு வச்சிருக்கீங்களேம்மா" என்றார்.

"சந்தனந்தானே, தொடச்சுட்டு எடுங்க! சாமி ஒண்ணுஞ் சொல்லாது!"

பொட்டு வைத்தவள் நான். நானே சொல்லியும் அவருக்கு மனசு வரவில்லை. "ஒங்க பூசைய நான் கலைக்கப்படாது. எல்லாரும் உள்ளயே இருங்க" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வெளியே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன்.

"யாருப்பா அது? அங்கிட்டே நில்லு!" என்று குரல் கொடுத்தார் பாய்.

அந்த ஆள் நின்றான். அதே நேரம் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. அவன் மேலே பார்த்தான், களத்தைப் பார்த்தான். தடியைப் போட்டுவிட்டு, மேலே கிடந்த சாக்கை உருவி நெல்மேல் விரித்தான். குனிந்து இரண்டு கையாலும் நெல்லைக் கூட்ட ஆரம்பித்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்னத்த வேடிக்கை பாக்குறீங்க? நெல்லு நனையிதுல்ல, படுதாவ எடுத்தாங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டான்.

அந்த அதட்டலை வாங்கிக் குடித்தனம் பண்ணினவள் நான். எனக்குத் தெரியாதா?

பாயைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கட்டிப் பிடித்து அழவெல்லாம் தெரியவில்லை, ஊரே பார்க்கிறதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நெல்லைக் கூட்டினேன். மழையா என் கண்ணீரா என்று தெரியாமல் நெல் நனைந்தது. அவர் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "பொட்ட அழிக்கலையா நீயி?" என்று கேட்டார். குனிந்து மறுபடியும் நெல்லைக் கூட்டினார்.

முன் கேட் சாத்தியிருந்ததால், மூட்டை தூக்கிய காலத்தில் தான் புகுந்து வந்த வேலிச் சந்து வழியாக வந்திருக்கிறார். மில்லில் துப்பாக்கி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாய் பூசைப் பொரியை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்து அவருக்கு நீட்டினார். "அல்லா காப்பாத்துனான்மா" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

இதை எழுதும்போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அந்தக் கதைய விடமாட்டியா" என்று அதட்டுகிறார். எப்படி விடுவேன்? துப்பாக்கியே வேண்டாம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன், கிழிந்த காதை முந்தானையால் அழுத்திப் பிடித்தவள் நான். ஆனால், பயத்தில் நான் கத்தின கத்தலைவிட நான் வைத்த சந்தனப் பொட்டைப் பெரிதாக நினைத்த ஒரு மனிதர் அன்று அந்தத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றதால்தான், இந்த வயதிலும் என் நெற்றியில் குங்குமம் இருக்கிறது.