உப்புப் போடாத வற்றல்

சுவிஸில், பீல் நகரத்து வாடகைத் தோட்டக் காணிகளில் எங்களுடையது மதிப்புள்ள குடும்பம். அப்பா ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர், நான் வகுப்பில் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் முதலாவதாக வந்தவன். இன்று கடையில் உலர்ந்த பூசணியின் மணம் பட்டதும், இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் அந்தக் காணியும், மிஞ்சிய பூசணியையும் கோவா இலைகளையும் எங்கள் கோழிகளின் குளிர்காலத் தீனாக அப்பா மெல்லிதாக அரிந்து கம்பியில் கோத்து உலர்த்திய கொட்டகையும், காற்றில் அவை உரசிய சரசரப்பும், கூடவே பக்கத்துக் காணிக்காரர் தம்பிராசாவின் சிரிப்பும் திரும்பி வந்தன. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த அவர் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன மாஸ்டர், கோழிக்கும் மோர்மிளகாயோ?" என்பார்.

"இது உப்பில்லாத வத்தல், தம்பிராசா. உப்பு கோழிக்கு நஞ்சு" என்று அப்பா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வார்.

பனி விழுந்த பிறகு கோழிகள் செத்தன. "மாஸ்டர் பழக்கதோசத்திலை உப்பைப் போட்டிட்டார்" என்று தம்பிராசா கோயில் வரை கதைத்தார். சனம் நம்பியது. அப்பா அதன்பின் எவருக்கும் முகம் கொடுக்கவில்லை. சென்ற வாரம்கூட ஒரு கலியாணவீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வற்றலில் உப்பு இருக்கவில்லை. நான் தின்று பார்த்தவன். உப்பு இருந்தது, தம்பிராசா வேலிக்கு மேலால் எங்கள் கோழிகளுக்குக் கொட்டிய ஹோட்டல் இறைச்சி மிச்சத்தில். அவர் கொட்டியதை நான் கண்டவன்.