அத்தை பேயோட்டிய போன்

"படிச்சுப் படிச்சுத்தான் இவ கண்ணு போச்சு. சின்னவளையாவது காப்பாத்துங்கலா."

இதைச் சொன்னவர் என் அப்பாவின் அக்கா, ரோசம்மா அத்தை. எங்கள் வீட்டுக்குள் நின்று, என் முன்னாலேயே சொன்னார். கண் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

என் பெயர் எஸ்தர். பிரிஞ்சாங் என்ற மலையூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். டிப்ளோமா முடித்து, திரிங்காப்பில் ஒரு பூத்தோட்ட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். லயத்தில் என்னைச் 'சின்னக் கிராணி', அதாவது ஆபீஸ் குமாஸ்தா, என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மறு வருடம் மழைக்காலத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. எங்கள் மலையில் பனி மூட்டம் புதிதல்ல. ஆபீஸ் ஜன்னலைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். "வெளிய நல்ல வெயில்கா" என்றாள் பக்கத்து மேசைப் பெண். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் தெளிவாகச் சொன்னார். கண் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது. படிப்பால் வந்த நோய் இல்லை. அப்பா தலையாட்டியிருப்பார். ஆனால் இந்தக் கடைசி வார்த்தையை அவர் லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர்களுக்குத்தான் ஏற்கனவே காரணம் தெரியுமே.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்னக் கொடுமைகள். பக்கத்து வீட்டில் மாசமாயிருந்த பெண்ணை என் எதிரே வரவிடாமல் அவள் மாமியார் உள்ளே இழுத்தார். மாமா மகன் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டுவான். காற்று படும்போது எனக்குத் தெரியும். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சபையில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது வேறு. என் தங்கை மெர்சிக்கு அப்போது பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம். அம்மா கொழுந்து வெட்டும் மெஷினோடு மலைக்குப் போய்விடுவார், அப்பா தோட்டத்து லோரி ஓட்டுகிறார். பகலில் என்னைப் பார்க்க ஆள் வேண்டும். பள்ளி விடுமுறை முடிந்த அன்று காலையில் மெர்சி சீருடை போட்டுத் தயாராக நின்றாள். அப்பா சொன்னார்: "கழட்டு. ஒருத்தியப் படிக்க வெச்சுப் பாத்தாச்சு. போதும்லா."

மெர்சி அழவில்லை. அந்த நாளிலிருந்து என்னைக் கழிவறைக்கு இழுத்துப் போனாள். தலை சீவினாள், சிக்கு வரும்போது வேண்டுமென்றே இழுத்தாள். ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"நீ செத்துப் போயிருந்தா நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன்கா."

நான் சாப்பிட்டு முடித்தேன். பிறகு அறையில் முழங்கால் போட்டேன். அதுவரை என் ஜெபமெல்லாம் ஒன்றுதான்: என் கண்ணைத் தாரும். அன்று அப்படி ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, கண் வேண்டாம். இவளை என்னிடமிருந்து விடுவியும். அதற்கு நான் சாக வேண்டுமென்றால் அதுவும் சரி" என்றேன். பெருமைக்காரியான நான் பேரம் பேசாமல் செய்த முதல் ஜெபம் அது.

பதில் மறுநாளே வந்தது. அதைப் பதில் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

என் போனை அப்போது மெர்சிதான் வைத்திருந்தாள். அம்மா ஏதோ திட்ட, அவள் கோபத்தில் போனை இறுக்கிப் பிடித்து, கண்ட இடத்தில் தட்டியிருக்கிறாள். சத்தம் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டன. போன் பேச ஆரம்பித்தது. ஒரு மலாய்க்காரப் பெண்ணின் குரல். தொட்டால் பேசியது. தொட்டதைத் திறக்கவில்லை, பேசியது. மெர்சி அலறிக்கொண்டு அதைப் படுக்கையில் எறிந்தாள்.

அத்தை வந்தார். பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆவி இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல. மொதல்ல கண்ணப் புடிச்சுச்சு, இப்ப போனுக்குள்ள எறங்கிடுச்சு."

ஜெபக்குழுப் பெண்கள் கூடிவிட்டார்கள். போனை மேசையில் வைத்து, சுற்றி நின்று, ஆவியைக் கட்டி ஜெபித்தார்கள். அத்தை விரலில் எண்ணெய் தொட்டு, போனுக்குச் சிலுவை போட்டார். விரல் பட்டதும் அது பேசியது. அத்தை இன்னும் அழுத்திப் போட்டார். அது இன்னும் பேசியது.

"பாருங்க, எதுத்துப் பேசுது!" என்றார் ஒருவர்.

"வெளிய போ!" என்றார் அத்தை.

போன் மலாயில் அமைதியாகச் சொன்னது: கடிகாரம். ரெண்டு முறை தட்டினால் திறக்கும்.

நான் கவனித்துக் கேட்டேன். அந்த விரல் எங்கெல்லாம் பட்டதோ அங்கே இருந்ததை அது சொல்லிக்கொண்டிருந்தது. கடிகாரம், செய்திகள், கேமரா. பார்க்க முடியாதவருக்காகச் செய்யப்பட்ட குரல் அது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "இவளுக்குள்ளயும் இருக்கு" என்று என் தலையிலும் எண்ணெய் ஊற்றினார்கள். ஊற்றட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஜெபத்துக்குப் பதிலை அத்தையின் எண்ணெய் விரல் வழியாகவே ஆண்டவர் வாசித்துக் காட்டினார். இதை இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்றிலிருந்து அந்த எண்ணெய்ப் பிசுக்குப் போனை வைத்துக்கொண்டு கற்றேன். கேமராவைக் காட்டினால் எழுத்தைப் படிக்கும் செயலி, எதிரே இருக்கும் பொருளைச் சொல்லும் செயலி, நடக்கும் வழியைச் சொல்லும் செயலி. பல நாள் தப்புத் தப்பாகச் சொன்னது. கதவைக் குளிர்சாதனப் பெட்டி என்றது. பனி இறங்கினால் ஒன்றும் தெரியவில்லை என்றது. "ஒன்ன மாரியே ஒரு போனு" என்றாள் மெர்சி. ஆனால் அவள்தான் அவற்றை இறக்கிக் கொடுத்தாள்.

அப்பாவிடம் கேட்டேன்: "நான் தனியா இருந்துக்குவேன்பா. மெர்சிய அனுப்புங்க."

"ஒரு நாளு இருந்து காட்டு. அத்த வந்து பாப்பாங்க."

அத்தை வந்தார். மெர்சியை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பேசினால் அத்தை பதில் சொல்லமாட்டார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியக்கூடாதாம். நான் நடக்கும் வழியில் முக்காலியைத் தள்ளி வைத்தார். முழங்காலில் தோல் உரிந்தது. நான் எழுந்தேன். சோறு வடித்தேன். துணி மடித்தேன். கடைசியில் அத்தையே வாய் திறந்தார்:

"எங்க, ஒன் போனுகிட்ட கேட்டு எனக்கு ஒரு சிராப் கலந்து குடு பாப்போம்."

அலமாரியின் அடித்தட்டில் ஒரு போத்தல் கிடைத்தது. போனைக் காட்டினேன். திராட்சை சிராப் என்றது. அத்தையும் பார்த்தார். "அதான்லா, திராட்சப் படம் போட்ருக்கு. ஊத்து."

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. களைக்கு அடித்து மீந்த புல்லு மருந்தைக் காலி சிராப் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். போத்தல் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினால் அது விஷம் என்று அர்த்தம். இந்தப் போத்தலில் துணி இல்லை. தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். கிளாஸில் ஊற்றித் தண்ணீர் சேர்த்தபோது மூக்கில் ஏதோ குத்தியது.

"அத்த, வாசம் சரியில்ல."

"நாளு பூரா மோந்துகிட்டே இருப்பியா? குடு இங்க!" கிளாஸைப் பிடுங்கினார்.

நான் குரல் வந்த பக்கம் கையை வீசினேன். கிளாஸ் சுவரில் பட்டு உடைந்தது. அடுத்த நொடி என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகுதான் சுவரில் வழிந்த மருந்து வாசம் அத்தை மூக்குக்கும் எட்டியது.

மதியம் அப்பா வந்ததும் அத்தை கத்தினார்: "ஒம் மவ என்னக் கொல்லப் பாத்தா!" அப்பா போத்தலை எடுத்து முகர்ந்தார். மூடியை இறுக்கி மூடினார். பிறகு சொன்னார்: "நாந்தாங்க்கா வெச்சேன். துணி கட்ட மறந்துட்டேன்."

 நான் பேசினேன். "போத்தல்மேல இருக்கிறதத்தான் போன் படிக்கும்பா, உள்ள இருக்கிறத இல்ல. அத்த கண்ணும் அதத்தான் படிச்சுச்சு."

அப்பா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. பொறுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்:

"திங்கக்கெழம மெர்சி ஸ்கூலுக்குப் போவட்டும். ஒன் போன நம்பி இல்ல. ஒன் மூக்க நம்பி."

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று இந்தச் சாட்சியை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அத்தை இன்றைக்கும் நான் விஷம் ஊற்றிக் கொடுத்ததாகத்தான் லயத்தில் சொல்கிறார். சிலர் நம்புகிறார்கள். மாமா மகன் இப்போதும் கையை ஆட்டுகிறான். 'நீ செத்துப் போயிருந்தா' என்ற வார்த்தைக்கு மெர்சி மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த வார்த்தை இல்லாவிட்டால் நான் சரியான ஜெபத்தைச் செய்திருக்கமாட்டேன். அதற்காகவும் ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டது கிடைக்காமல் போகலாம். எனக்கும் கண் கிடைக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். பதில் வரும்போது அதைப் பேய் என்று ஊரே விரட்டும். நீங்கள் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஈப்போவில் பார்வையற்றவர்களுக்கு அலுவலக வேலை சொல்லித் தரும் ஓர் இடம் உண்டு. தங்கிப் படிக்க வேண்டும். யாரையும் கேட்காமல் நானே எழுதிப்போட்டேன், இடம் கிடைத்தது. இன்று காலை மெர்சி பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு வந்த ஈப்போ பஸ்ஸில் நான் ஏறினேன், தனியாக. மடியில் பை. காதில் போனின் அந்த மலாய்க்காரப் பெண். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவள்தான். இப்போது என்னை நிறுத்தி, ஈப்போ வழியில் எந்த ஊர்வரை வந்துவிட்டேன் என்று சொன்னாள்.

கோலா தெர்லா தாண்டிவிட்டதாம்.