சிவப்புத் துணிக்கு நடந்த சண்டை

எண்பதுகளின் கடைசியில் சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு ஓவியம். கலர் பென்சில் வைத்திருந்த பிள்ளைகள் குறைவு. அதனால் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தேன். துணித்துண்டுகளை ஒட்டி ஆளுக்கொரு சேவல் செய்வது பாடம். மைதாப் பசை காய்ச்சி வைத்துவிட்டு, மூட்டையை வகுப்பின் நடுவில் கொட்டி, "வேணுங்கிறதை எடுத்துக்கோங்க கண்ணு" என்றேன்.

மூட்டை முழுக்க வெள்ளையும் சாம்பலும்தான். சிவப்பு கொஞ்சம். சேவலுக்குக் கொண்டை வேண்டுமே. வகுப்பே அதன் மேல் விழுந்தது. ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே துண்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் சிலேட்டால் அவள் முகத்தில் அடித்தான். சிலேட்டு மரச்சட்டத்தின் மூலை அவள் புருவத்தைக் கிழித்துவிட்டது. நான் போய் விலக்குவதற்குள் பசைக் கிண்ணத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணி வாக்கில் அவளுடைய அப்பா வந்தார். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். கையில் பெரிய ஸ்பேனர்.

"எம்பிள்ள கண்ணு போயிருந்தா யாரு பொறுப்பு? எங்க அந்தப் பய?"

பையனின் அப்பாவுக்குப் பள்ளிக்கு எதிர்வரிசையில்தான் தறி வேலை. யாரோ போய்ச் சொல்ல, கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எம் பையன் மேல கைய வெச்சுப் பாரு" என்றதுதான் பேச்சு. ஸ்பேனர் அவர் மண்டையில் இறங்கியது. அவர் ரத்தம் வழிய வழியக் கட்டையைச் சுழற்றினார். நான் குறுக்கே போனேன். வலது முன்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று அலறினார்கள்.

சத்துணவுச் சமையல்கார அம்மாதான் சண்டையை நிறுத்தியது. சோறு வடித்த கஞ்சியைக் குண்டாவோடு தூக்கி வந்து இரண்டு பேர் மேலும் ஊற்றியது. கழுத்தும் தோளும் வெந்து ஆளுக்கொரு பக்கம் துள்ளினார்கள்.

"உள்ள இன்னொரு குண்டா இருக்குது. கொண்டு வரட்டுங்களா?" என்று அந்தம்மா நிதானமாகக் கேட்டது.

எங்கள் மூன்று பேரையும் ஒரே வேனில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் சமாதானமாகிவிட்டது.

"இனி அந்தப் படம் ஒட்டற வேலையெல்லாம் வேண்டாங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"ஒரே ஒரு தடவை விடுங்க சார். அடிதடி வந்தா நானே நிறுத்திக்கிறேனுங்க."

கைக்கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில் அந்தப் பாடத்தையே யோசித்தேன். கொட்டி வைத்தால் பலசாலிதான் எடுப்பான். அதனால் பள்ளிக்குத் திரும்பியதும் துண்டுகளை நிறம் பிரித்துக் கட்டினேன். பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு நிறம். வேறு நிறம் வேண்டுமென்றால் எழுந்து போய்க் கேட்க வேண்டும், பதிலுக்குத் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். பறித்தவனுக்கு அன்றைக்குப் பசை கிடையாது. சிவப்பை அந்தப் பெண்ணின் கூட்டத்துக்கும், வெள்ளையைப் பையனின் கூட்டத்துக்கும் வைத்தேன்.

பாடம் நடந்த அன்று தலைமையாசிரியர் பிரம்போடு வாசலில் நின்றார். பையன் வெகுநேரம் எழவில்லை. கடைசியில் போய் அவள் முன்னால் நின்றான். அவள் புருவத்தில் தையல் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"கொண்டைக்கு வேணும்."

"வெள்ள கொண்டாந்தியா?"

ஒரு பிடி நீட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, அழுக்கானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரல் அகலத்துக்குச் சிவப்பைக் கொடுத்தாள்.

"இவ்வளவுதானா?"

"உன் சேவலுக்கு அது போதும்."

அவன் முறைத்தான். பிறகு இடத்துக்குப் போய் ஒட்ட ஆரம்பித்தான். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பக்கம் நடந்தார்.