வாசலில் தொங்கும் போர்டு

மேற்படிப்புக்கான ரேங்க் வந்த மறுநாளே அப்பா போர்டு எழுதக் கொடுத்துவிட்டார். என் பெயர், அதன் கீழே 'தோல் நோய் மருத்துவர்'. கலந்தாய்வே தொடங்கவில்லை. பாளையங்கோட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், தீர்ப்பு வரும்வரை எந்த வழக்கைப் பற்றியும் வாயைத் திறக்கமாட்டார். மகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை இல்லை.

தோல் என்றால் நேரங்கெட்ட நேரத்தில் யாரும் கூப்பிடமாட்டார்கள், வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைக்கலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தார். நான்தான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, உவரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அந்த ஊர் மருத்துவமனையிலேயே அறுவை செய்ய டாக்டர் இருந்தார், தியேட்டர் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. வந்து சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் கடைசி நாளன்று, அக்காவின் கணவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். முதலில் தோல், அடுத்து எக்ஸ்ரே, எல்லாம் சென்னையில். "நீங்க எந்திரிங்க அத்தான்" என்றேன். உட்கார்ந்து, திருநெல்வேலியில் மயக்கவியலை முதலிடத்தில் வைத்து, இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" அப்பா கத்தினார். "மயக்க டாக்டரைத் தேடி எவன் வீட்டுக்கு வருவான்? போர்டுல என்னன்னு எழுத?"

"எழுதாதீங்க. கழுவி வைங்க."

சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. போர்டு கட்டிலுக்கடியில் கிடந்தது. எனக்கும் வலித்தது, ஆனால் எடுத்த முடிவுக்காக ஒருநாள்கூட வருத்தப்படவில்லை.

மூன்று வருடம் கழித்துப் பணியிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மற்றவர்கள் டவுனுக்கு முண்டியடித்தார்கள். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய கடலோர மருத்துவமனையை நான் கேட்டேன். போட்டிக்கு யாருமில்லை. அதன் குவார்ட்டர்ஸிலேயே குடியேறினேன்.

போன மாசி மாதம் அப்பா முதன்முறையாக அங்கே வந்தார். நான் தியேட்டருக்குள் இருந்தேன். அவர் வேப்பமரத்தடியில் ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். நான் வெளியே வந்தபோது டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு பிரசவக் கேசு ஏத்திட்டுப் பறப்பேன் அண்ணாச்சி. ஒங்க மவ வந்த பெறவு, மயக்கத்துக்கு ஆளில்லன்னு ஒருத்தியக்கூட ஏத்தல." அப்பா என்னோடு சாப்பிட்டார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார், நான்கு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனேன். வாசலில் அதே போர்டு, ஏணியில் நின்று மாட்டிக்கொண்டிருந்தார் அப்பா. 'தோல் நோய்' இருந்த இடத்தில் புதுப் பெயின்ட், அதன்மேல் 'மயக்க' என்று கோணலாக எழுத்து. அப்பாவின் கையெழுத்தேதான். எதிர்வீட்டு மாமா பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னவே இது? மயக்கம் போட்டுக்கிடவா ஒம்ம வீட்டுக்கு ஆளு வரப்போகுது?"

அப்பா ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "யாரும் வலியோட இங்கன ஓடி வரக் கூடாதுன்னுதாம்வே அவ அங்கன இருக்கா."